பிராக்குப் பார்த்த பிள்ளை
(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். நேரம் முடிந்தால் செயலாளர் மேசையிலுள்ள மணியை அடிப்பார். நான் பேசப்போகும் விடயம் தெரிந்ததும் அவர் அந்த மணியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்ததை நான் கண்டேன். அதில் தவறில்லை. நேரத்துக்கு ஒன்றைத் தொடங்கி நேரத்துக்கு முடிப்பது எனக்கு வராத கலை. அது ஏன் வரவில்லை என்பதை 44 வயதில்தான் அறிந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு ‘பிராக்கு’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. “பிராக்குப் பாக்காமல் சாப்பிடு”, “பிராக்குப் பாத்துக்கொண்டு றோட்டைக் கடக்காதை” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு அது ஏறத்தாழப் பட்டப்பெயராகவே இருந்தது. வகுப்பில் யன்னலோரம் இருந்தால் மைதானத்தைப் பார்ப்பேன். யன்னலில்லாத பக்கம் இருத்தினால் சுவரில் ஊரும் எறும்பைப் பார்ப்பேன். ஒன்றுமே இல்லாவிட்டால் உள்ளுக்குள் பார்ப்பேன். அங்கே எப்போதும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஓட்டத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். ஒரு சாதாரணக் காலை. தேத்தண்ணி போடக் கேத்தலை அடுப்பில் வைக்கிறேன். தேயிலைப் பேணியை எடுக்கிறேன். அது மச்சாள் ஊரிலிருந்து கொண்டுவந்த பேணி. மச்சாளின் மகளுக்கு விசா வந்ததோ என்று கேட்க மறந்துவிட்டேன். விசா என்றதும் என் கடவுச்சீட்டு முடிகிற திகதி. திகதி என்றதும் இன்று பச்சைத் தொட்டி குப்பை வைக்கிற நாளோ, நீலத் தொட்டி வைக்கிற நாளோ. தொட்டியைப் பார்க்க வாசலுக்குப் போனால் அங்கே மகனின் சப்பாத்து. சப்பாத்து சிறுத்துவிட்டது, வாங்க வேண்டும். கடையின் மலிவு விற்பனைத் தாளைத் தேடி மேல்மாடிக்குப் போகிறேன். மேலே கட்டிலில் மடிக்காத உடுப்பு. அரைவாசி மடிக்கும்போது கீழே கேத்தல் கூவுகிறது. அதற்குள் ஒரு பழைய சினிமாப் பாட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவும் நான்கு நிமிடம். தேத்தண்ணி இன்னும் போடவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். “எங்களுக்கும் அப்படித்தான்” என்று சிலர் தலையாட்டுவதும் தெரிகிறது. எல்லோருக்கும் இது இடைக்கிடை நடக்கும். எனக்கு இது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேலையிலும், நினைவு தெரிந்த நாள் முதல் நடக்கிறது. நான்கு ரேடியோக்கள் நான்கு நிலையத்தில் பாடும் வீட்டில் இருப்பதுபோல. நிப்பாட்டும் குமிழ் எங்கே என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களின் வீட்டில் ஒரு ரேடியோதான் என்பதும் தெரியாது.

இது சிரிக்கிற விடயமாகவே இருந்திருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன்.

2019 மார்ச் மாதம். ஸ்காபரோவில் பனி இன்னும் கரையவில்லை. அம்மா எங்களோடு இருக்கிறா. நீண்டகாலமாகச் சீனி வருத்தம், நாளுக்கு இரண்டு தடவை இன்சுலின். காலையில் 24 அலகு. நான்தான் போடுவேன். அன்று ஆறரை மணிக்குப் போட்டேன். பிறகு மகனின் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவத்தில் கையெழுத்து, ஓட்ஸ் கஞ்சி, வேலையிடத்திலிருந்து ஒரு அழைப்பு. திரும்பி வந்தபோது மேசையில் இன்சுலின் பேனா மூடி கழற்றியபடி கிடந்தது. போட்டேனா, போடவில்லையா? எனக்குத் தெரியவில்லை. அம்மா அரைத்தூக்கம். “அம்மா, ஊசி போட்டனானோ?” என்று கேட்டேன். “போடேல்லைப் போல கிடக்கு பிள்ளை” என்றா. நான் இன்னொரு 24 அலகு போட்டேன்.

பத்து மணிக்கு வேலையிடத்திலிருந்து அழைத்தபோது அம்மாவின் பேச்சு குழறியது. என் பெயருக்குப் பதிலாகத் தன் இறந்துபோன தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. நான் 911-ஐ அழைத்தேன். இரவு வேலை முடித்து நித்திரையிலிருந்த இவர் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார். அம்புலன்ஸ் ஆட்கள் பார்த்தபோது சீனி 1.9. இலங்கைக் கணக்கில் 34. 70-க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் அம்மா கண் திறந்து, “ஏன் இவ்வளவு பேர் வந்து நிக்கினம்?” என்று கேட்டாவாம். ஒரு இரவு வைத்தியசாலையில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்த இரவு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபோது எனக்குள் ஒரு வசனம் மட்டுமே ஓடியது. என் வாழ்க்கையில் நான்கு ரேடியோவும் ஒரே விடயத்தைச் சொன்ன இரவு அதுதான். அந்த வசனத்தை இங்கே சொல்லப்போவதில்லை. உங்களால் ஊகிக்க முடியும்.

குடும்ப வைத்தியரிடம் நான் போனது மறதி நோய் என்று நினைத்து. அவர் இரத்தச்சோகை, தைரோயிட் எல்லாம் சோதித்தார். நித்திரை பற்றிக் கேட்டார். மனச்சோர்வு பற்றிக் கேட்டார். பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். ஓடும் எண்ணங்கள் என்றவுடன் ஒரு நோயைச் சொல்லிவிட முடியாது என்பதை அவரிடம்தான் கற்றேன். பதகளிப்பிலும் எண்ணங்கள் ஓடும், ஆனால் அவை பெரும்பாலும் ஒரு பயத்தைச் சுற்றி ஓடும். இருதுருவ நோயின் எழுச்சிக் காலத்திலும் ஓடும். அது சில நாட்கள் அல்லது கிழமைகளுக்கு வந்து போவது, அப்போது நித்திரையே தேவைப்படாததுபோல இருக்கும். எனக்கு வந்து போகவில்லை, எப்போதும் இருந்தது. மளிகைக் கடைக்கும் சப்பாத்துக்கும் விசாவுக்கும் ஓடியது. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் மருந்து வேறு.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி என்னை நிறுத்தியது. “நீங்கள் யுத்தத்தில் வளர்ந்தவர். அதனால் இருக்கலாம் அல்லவா?” நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். எங்கள் தலைமுறைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. நித்திரை இல்லையா, ஷெல். கோபமா, இடம்பெயர்வு. மறதியா, பங்கருக்குள் இருந்த காலம். அது பொய்யுமல்ல. பயங்கர அனுபவங்கள் அவதானத்தைக் குலைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெரிய காரணத்துக்குப் பின்னால் வேறு சின்னக் காரணங்கள் ஒளிந்திருந்தால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

இந்தக் கோளாறை அடையாளம் காண, அறிகுறிகள் சிறு வயதிலேயே இருந்தனவா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைந்நூல் முன்பு 7 வயதுக்கு முன் என்றிருந்ததை 2013 இல் 12 வயதுக்கு முன் என்று மாற்றியது. “உங்கள் பள்ளிக்கூட அறிக்கை ஏதாவது இருக்கிறதா?” என்று மருத்துவர் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பக்கம் மழைக்குள் நடந்த சனத்தில் நாங்களும் ஆட்கள். ஒரு கட்டில், ஒரு அலுமாரி மிஞ்சவில்லை. தேர்ச்சி அறிக்கை எங்கே மிஞ்சும்?

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் பகிடியாகச் சொன்னேன். அம்மா எழும்பிப் போய்த் தன் சூட்கேசைத் திறந்து ஒரு சொப்பிங் பையை எடுத்துவந்தா. காணி உறுதி, ஐந்து பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், அப்பாவின் ஓய்வூதியக் கடிதம், அதற்குள் என் தேர்ச்சி அறிக்கைப் புத்தகம். 1986, ஆறாம் வகுப்பு, முதலாம் தவணை. வகுப்பாசிரியர் குறிப்பு: “கெட்டிக்காரி. கவனம் போதாது.” இரண்டாம் தவணை: “வேலையைத் தொடங்குவாள், முடிப்பதில்லை.” மூன்றாம் தவணை: “இன்னும் திறமையாகச் செய்யக்கூடியவர்.” எனக்கு அப்போது 11 வயது. எங்கள் வீட்டுப் பக்கம் முதலாவது ஷெல் விழுந்தது அதற்குப் பிறகுதான். மருத்துவர் நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அந்தத் திகதியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

இந்தக் கல்லூரியின் ஒரு வகுப்பாசிரியர் நீல மையில் எழுதிய மூன்று வரி, 33 வருடத்துக்குப் பிறகு ஒரு கனேடிய மருத்துவருக்குச் சாட்சியானது. அவர் இப்போது நம்மிடையே இல்லை. இருந்திருந்தால் இன்று அவருக்கு முன்னால் இதைச் சொல்லியிருப்பேன்.

இதன் பெயர் தமிழில் நீளம்: அவதானக் குறைபாட்டு மிகைச் செயற்பாட்டுக் கோளாறு. ஏ.டி.எச்.டி. என்றே சொல்வோம். இது புதிய நாகரிக வருத்தமல்ல. 1902 இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் செய்திருக்கிறார். ஆனால் நீண்டகாலம் மருத்துவர்களின் கண்ணில் பட்டவர்கள் மேசையில் ஏறிக் குதிக்கிற ஆண்பிள்ளைகள்தான். அசையாமல் இருந்தபடி உள்ளுக்குள் ஊர் சுற்றுகிற பெண்பிள்ளையை யார் வைத்தியரிடம் கொண்டுபோவார்கள்? அவளால் வகுப்புக்கு ஒரு தொல்லையும் இல்லை. பெயருக்குள்ளேயே ‘மிகைச் செயற்பாடு’ இருப்பதால் என் மூளையில்தான் அந்த மிகை, காலில் அல்ல என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூளையில் என்ன நடக்கிறது என்று மருத்துவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். நாம் சும்மா இருக்கும்போது, பழையதை நினைக்கும்போது, கனவு காணும்போது இயங்கும் ஒரு வலையமைப்பு மூளையில் இருக்கிறது. 2001 முதல் அதற்கு ‘டிபோல்ட் மோட்’ என்று பெயர். ஒரு வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும். என்னைப் போன்றவர்களில் அது சரியாக அடங்காமல் வேலைக்கு நடுவில் வந்து தலைகாட்டுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேலை சலிப்பானதென்றால் இன்னும் மோசம். பாத்திரம் கழுவுவது, உடுப்பு மடிப்பது, ஒவ்வொரு நாளும் ஒரேமாதிரிப் போடும் ஊசி. கை தன்பாட்டில் செய்யும், மனம் அங்கே இல்லை.

அதனால் அன்று காலை நான் ஊசியை மறக்கவில்லை. மறப்பதற்கு முதலில் பதிந்திருக்க வேண்டும். அது பதியவேயில்லை. இது எனக்கு விளங்கிய நாளில் நான் காரை நிறுத்திவிட்டு நெடுநேரம் அழுதேன். குற்றம் குறைந்துவிட்டது என்பதற்காக அல்ல. “இனிக் கவனமாக இருப்பேன்” என்று வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் தரம் எனக்கு நானே சத்தியம் செய்திருப்பேன்! அந்தச் சத்தியத்தால் அம்மாவைக் காப்பாற்ற முடியாது என்று அன்றுதான் தெரிந்தது.

ஆகவே சத்தியத்தை விட்டுவிட்டு ஒரு பெட்டி வாங்கினேன். இன்சுலின் பேனாவின் ஊசிமுனை ஒருமுறை மட்டும் பாவிப்பது. ஞாயிற்றுக்கிழமை இரவு 14 ஊசிமுனைகளை, கிழமை பெயர் எழுதிய பெட்டியின் அறைகளில், காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்றாகப் போடுவேன். திங்கள் காலை அறை வெறுமையென்றால் போட்டாயிற்று. ஊசிமுனை இருந்தால் போடவில்லை. என்னைக் கேட்கத் தேவையில்லை, அம்மாவையும் கேட்கத் தேவையில்லை. மற்ற ஊசிமுனைகள் எல்லாம் பூட்டிய லாச்சிக்குள். திறப்பு மகளிடம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. உங்களில் பலர் வயதான பெற்றோருக்கு ஊசியும் குளிசையும் கொடுப்பவர்கள். ஏ.டி.எச்.டி. இல்லாவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்.

மருந்தும் எடுக்கிறேன். முதல் நாள் காலை குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள், குசினியில் நின்றபோது யாரோ பக்கத்து அறையில் மூன்று ரேடியோவை நிப்பாட்டியதுபோல இருந்தது. நான் வெங்காயம் வெட்டினேன். வெங்காயம் மட்டுமே வெட்டினேன். 44 வருடத்தில் அது எனக்குப் புதினம். ஆனால் எல்லோருக்கும் இப்படி இல்லை. பசி குறையும், நாடித்துடிப்பு கூடும், இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலருக்கு ஒத்துவராது. மருத்துவர் எழுதித்தர வேண்டிய, கட்டுப்பாடுள்ள மருந்து இது. போன முறை நான் ஊருக்கு வரும்போது ஒருவர், “அக்கா, எனக்கும் ரெண்டு கொண்டு வாங்கோ” என்று கேட்டார். சொக்கலேற் கொண்டுவந்தேன்.

இங்கே யாழ். போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் கதைக்க 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது. “மெண்டல் கிளினிக்குக்குப் போறாளாம்” என்ற கதை வரும் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எனக்கும் வந்தது. கதைத்தவர்களில் இருவர் பிறகு இரகசியமாக என் மருத்துவரின் இலக்கம் கேட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. பிராக்குப் பார்த்ததற்காக விறாந்தையில் நிற்பாட்டப்பட்ட நாட்கள் உண்டு. விறாந்தையில் நின்றால் இரண்டு வகுப்புப் பாடமும் கேட்கும், எனக்கு ரேடியோ இரண்டு கூடியதுதான் மிச்சம். ஆனால் ஒரு கணித ஆசிரியை இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னை முன்வாங்குக்கு மாற்றி, கரும்பலகை அழிக்கும் வேலையைத் தந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி அழிக்க வேண்டும். கை அழிக்கும், காது கேட்கும். கணக்கில் டீ எடுத்தேன். அவருக்கு இதெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுத்திருக்காது.

இன்னொன்று. 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்தோமே, அந்தக் காலத்தில்தான் நான் நன்றாகப் படித்தேன். மற்றவர்கள் கண் நோகுது என்று அழுதார்கள். எனக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. சுற்றிவர ஒரே இருட்டு. பிராக்குப் பார்க்க ஒன்றுமில்லை! அந்த விளக்கை நான் ஏங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் இன்றும் முக்கியமான கடிதம் எழுதும்போது அறை விளக்கை அணைத்து மேசை விளக்கை மட்டும் போடுகிறேன்.

எங்களோடு படித்த ஒருத்தி சாதாரண தரத்தோடு நின்றுவிட்டாள். “சோம்பேறி” என்பதுதான் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவளுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தூரத்திலிருந்து நோய் சொல்ல நான் மருத்துவருமில்லை. இப்போது அவள் எங்கே என்றும் தெரியாது. இந்த மலர் அவள் கையில் கிடைத்தால், அந்தச் சிரிப்புக்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

இது பரம்பரையில் வருவது அதிகம் என்று மருத்துவர் சொன்னார். அதை அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது, தன்னைக் குற்றம் சொல்வதாக நினைப்பாவோ என்று. அம்மா கேட்டுவிட்டு, “அப்ப எனக்கும் இருந்திருக்கும் பிள்ளை” என்றா. பால் பொங்கி ஊற்றாத நாள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. திறப்பைத் தேடாத நாளும் இல்லை. “கடதாசியளை வேற வேற இடத்தில வைச்சால் எனக்கு ஒருநாளும் எடுக்கேலாது. அதாலதான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வாசல் ஆணியில கொழுவி வைச்சனான். கொப்பர் பேசுவார், கள்ளனுக்கு வசதியா வைச்சிருக்கிறாய் எண்டு.” 1995 இல் அந்த இரவு வெளிக்கிடச் சொன்னபோது, அம்மா கைநீட்டி எடுத்தது அந்த ஒரு பையைத்தான். நன்றாக அடுக்கி அலுமாரியில் பூட்டி வைத்த அயலவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள்.

கடைசியாக ஒரு அறிவித்தல். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் சனிக்கிழமைகளில் தொலைபேசியில் சேர்கிறோம். ஸ்காபரோவில் காலை 9 மணி, லண்டனில் பிற்பகல் 2 மணி, யாழ்ப்பாணத்தில் மாலை ஆறரை. குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஏழரை ஆகிவிடும், அதை மறந்து ஒருத்தி ஒவ்வொரு வருடமும் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து எங்களைப் பேசுவாள். அதிகம் கதைப்பதில்லை. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அவரவர் உடுப்பை மடிக்கிறோம், பில் கட்டுகிறோம், படிவம் நிரப்புகிறோம். இன்னொருத்தி அந்தப் பக்கம் வேலை செய்கிறாள் என்ற சத்தம் இருந்தால் என் மனம் மேல்மாடிக்கு ஓடுவதில்லை. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் ஒவ்வொருவரும் என்ன முடித்தோம் என்று சொல்ல வேண்டும். முடிக்காவிட்டாலும் சொல்லலாம், அபராதம் இல்லை. வேறு வகுப்பினரும் வரலாம். விரும்புபவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் பெயரைத் தாருங்கள். தயவுசெய்து கடதாசியில் எழுதித் தாருங்கள், வாயால் சொன்னால் பதியாது.

செயலாளர் மணியைத் தூக்கிவிட்டார்.